பெண்கள் தொழில்முறைக் கால்பந்து லீக்கை அமைக்க எங்கிருந்து தொடங்குவது?

பெண்களுக்கான தொழில்முறைக் கால்பந்து லீக்கைத் திட்டமிடுவோர், அணிகளின் பெயர்களையும் போட்டி அட்டவணையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வீராங்கனைகளின் சம்பளத்தை யார், எத்தனை ஆண்டுகளுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் 2001-இல் தொடங்கிய முதல் லீக், ஐந்து ஆண்டுகளுக்கென வைத்திருந்த 4 கோடி டாலரை முதல் பருவத்திலேயே செலவழித்து, 2003-இல் மூடப்பட்டது. 2009-இல் தொடங்கிய இரண்டாவது லீக்கும் மூன்று பருவங்களைத் தாண்டவில்லை.

2013-இல் எட்டு அணிகளுடன் பிறந்த மூன்றாவது அமெரிக்க லீக்கான என்.டபிள்யூ.எஸ்.எல். (தேசியப் பெண்கள் கால்பந்து லீக்) சிக்கனத்தையே அடித்தளமாக்கிக்கொண்டது. தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தை அமெரிக்க, கனடிய, மெக்சிகோ கால்பந்துச் சங்கங்கள் ஏற்றுக்கொண்டன. மற்றவர்களுக்காக ஓர் அணி செலவிடக்கூடிய உச்சவரம்பு 2 லட்சம் டாலராக இருந்தது. லீக் பிழைத்தது உண்மைதான். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள், பருவத்துக்கு 6,000 டாலர் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தில், உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்கி விளையாடிய வீராங்கனைகள். உச்சவரம்பு வைப்பவர்கள், ஒருவர் வேறு வேலை தேடாமல் வாழக்கூடிய குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிட்டுவிட்டு, அதிலிருந்து மேல்நோக்கிச் செல்வதே முறை.

அடுத்து, வீராங்கனையின் உரிமைகளை எழுத்தில் கொண்டுவர வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது. இந்த லீக்கில் வீராங்கனைகள் சங்கத்துடனான முதல் கூட்டு ஒப்பந்தம் 2022-இல்தான் கையெழுத்தானது. பயிற்சியாளர்களின் அத்துமீறல்கள் பற்றிய புகார்கள் 2021-இல் வெடித்ததையடுத்து, அமெரிக்காவின் முன்னாள் தற்காலிக அட்டர்னி ஜெனரல் சாலி யேட்ஸ் நடத்திய விசாரணையின் அறிக்கை, அத்துமீறல் லீக் முழுவதும் வேரூன்றியிருந்ததாக 2022 அக்டோபரில் கூறியது. எனவே புகாரைக் கேட்கும் அமைப்பு, கிளப் உரிமையாளரின் கைக்கு எட்டாத இடத்தில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். 2024-இல் கையெழுத்தான அடுத்த ஒப்பந்தம், கல்லூரி வீராங்கனைகளை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறையை ஒழித்ததுடன், ஒருவரை அவரது சம்மதமின்றி வேறு அணிக்கு மாற்றுவதையும் தடுத்தது. 2025-இல் 48,500 டாலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2030-இல் 82,500 டாலராக உயரும்.

அட்டவணை இதைவிட எளிது. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளையும் சொந்த மைதானத்தில் ஒருமுறையும் எதிரணி மைதானத்தில் ஒருமுறையும் சந்திப்பதானால், அணிகளின் எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கினால் மொத்த ஆட்டங்கள் கிடைக்கும். என்.டபிள்யூ.எஸ்.எல். லீக்கில் 2026-இல் 16 அணிகள் என்பதால் 240 ஆட்டங்கள், ஓர் அணிக்கு 30. புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்கு ஷீல்டு என்ற பரிசு உண்டு. சாம்பியன் பட்டத்தையோ முதல் எட்டு அணிகள் மோதும் பிளேஆஃப் சுற்று தீர்மானிக்கிறது.

கடைசி இடம் பெறும் அணி கீழ்நிலை லீக்குக்கு இறக்கப்படுவதில்லை. பே எஃப்.சி. போன்ற புதிய அணி 5.3 கோடி டாலர் நுழைவுக் கட்டணம் செலுத்தியிருக்கும்போது அப்படி இறக்குவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் பட்டியலின் அடியில் கிடக்கும் அணிக்கும் பருவத்தின் இறுதிவரை போராட ஏதாவது மிஞ்ச வேண்டும். எட்டு இடங்கள் கொண்ட பிளேஆஃப் அதற்கு ஓரளவு உதவுகிறது.