பனியாறு பார்க்கப் போகிறீர்களா? சப்பாத்தை இங்கேயே பழக்குங்கள்

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை போய்க் கும்பு பனியாற்றைப் பார்க்க ஆசைப்படும் கொழும்புக்காரருக்கு ஒரு விஷயம்: மலையேறும் சப்பாத்தைப் பெட்டி பிரிக்காமல் கொண்டுபோகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். வழியிலுள்ள நாம்சே என்ற மலையூரிலிருந்து இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் இடித்து, பெருவிரல் நகம் கறுத்து, வீட்டுக்கு வந்தபிறகு கழன்றே விழுந்தது. பின்னேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். பிறகு ஒரு மாதமாவது வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல் வரை அதோடு நடங்கள். ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்தான், பார்க்கட்டும்.

சரி, உயரத்துக்கு? கடற்கரை ஊரில் அதற்குப் பயிற்சி கிடையாது. நம் பிதுருதலாகல மலையே 2,524 மீட்டர்தான். அடிவார முகாம் 5,364. 3,000 மீட்டரைத் தாண்டினால், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு. தலையிடியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறவே கூடாது. நடை தள்ளாடினால் உடனே இறங்கவேண்டும், நடுச்சாமமானாலும்.

அப்புறம், பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைச் சுடும். நல்ல கறுப்புக் கண்ணாடி ஒன்றையும் எடுத்து வையுங்கள்.