வீட்டு வாசலில் கியர்பொக்ஸை இறக்கிப் பிரித்துப் பூட்டுவது எப்படி?

இலங்கை மலைநாட்டுக் காரில் அதிகம் உழைப்பது இரண்டாம் கியர்தான். ஹட்டன்–மஸ்கெலியா வீதியில் வரும் ஏற்றங்களுக்கும் அதுதான். ரம்பொடை இறக்கத்தில் பிரேக் சூடேறாமல் வண்டியைப் பிடித்து வைப்பதும் அதுதான். ஒவ்வொரு வளைவிலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றி மாற்றி, அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம்தான் (கியர் விழும் முன் ஷாஃப்டின் வேகத்தையும் கியரின் வேகத்தையும் ஒன்றாக்கும் பித்தளை வளையம்) பெரும்பாலும் முதலில் தேய்கிறது. இறக்கத்தில் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நம் வீதிகளில் கியர்பொக்ஸும் ஒரு பிரேக். இந்த வேலையை அந்த நினைப்போடு செய்யுங்கள்.

இங்கே சொல்வது மாருதி 800, அல்டோ போன்ற முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்களுக்கு. பழைய டிஎக்ஸ் வேகன் போன்ற பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் முன்சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டுக்குப் பதிலாக நடுவில் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். உங்கள் வண்டியின் சேர்விஸ் மனுவல் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம். பொல்ட் இறுக்கும் அளவெல்லாம் அதில்தான் இருக்கும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் வையுங்கள். கேட்கும் இரைச்சல் கிளச்சை மிதித்ததும் நின்றால், எஞ்சினின் சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டின் பெயாரிங்கில் சந்தேகப்படலாம். மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் அது கிளச் ரிலீஸ் பெயாரிங். கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டும், ஆனால் பிரிக்க வேண்டியதில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றும்போது மட்டும் கரகரவென்று அரைத்தால் சிங்க்ரோ வளையம். எல்லாக் கியரும் அரைத்தால் கிளச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம், கேபிளைப் பாருங்கள். கியர் துள்ளிக் கழன்றால் உள்ளே கியரைத் தள்ளிப் போடும் ஷிஃப்ட் ஃபோர்க் அல்லது கியரின் பக்கப் பற்கள் தேய்ந்திருக்கலாம். ஆனாலும் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மவுண்ட் போனாலும் கியர் துள்ளும்.

இடமும் சாமானும்

நம் வீட்டு வாசல்கள் பாதிக்கு மேல் சரிவு. சரிவில் ஜக் போட்டு வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சமமான சிமெண்டுத் தரை உள்ள இடம் கிடைக்காவிட்டால் வேலையைத் தள்ளிப் போடுங்கள். வண்டி நிற்க வேண்டியது ஜக் ஸ்டாண்டில். சிமெண்டுக் கல் திடீரென்று நொறுங்கும், அதை நம்ப வேண்டாம். ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, அதுதான் நல்ல நேரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த ஈரத்தில் கழுவி வைத்த கியர்ப் பற்கள் ஒரே இரவில் துருப் பிடிக்கும். எப்போது பிரித்தாலும் கழுவிய சாமானில் உடனே ஒயில் பூசி மூடி வையுங்கள்.

சொக்கட் செட், சேர்க்ளிப் (ஷாஃப்டில் பாகம் நகராமல் பிடிக்கும் வளையக் கிளிப்) பிளையர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், அளவோடு இறுக்கும் டோர்க் ரெஞ்ச், கிளச் தட்டை நடுவில் நிறுத்தும் சாவி, படம் எடுக்க ஒரு போன். இவ்வளவும் கட்டாயம். உதவிக்கு இன்னொருவரும் வேண்டும்.

இறக்குவது

பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, சக்கரத்தின் நடுவில் உள்ள அக்சில் நட்டைத் தளர்த்துங்கள். பிறகு வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள்.

ஒயிலை வடிப்பதற்கு முன் ஊற்றும் மூடி கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது கழலாவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வடிந்த ஒயிலையும் வடிக்கும் ஓட்டையின் காந்த மூடியையும் நன்றாகக் கவனியுங்கள். மெல்லிய சாம்பல் நிறச் சேறு சாதாரணம். மஞ்சள் மினுமினுப்பு சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. நகம் போன்ற இரும்புத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

அப்புறம் கீழ் பால் ஜொயின்டைப் பிரித்து டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் நெம்பி எடுங்கள். ஓட்டைகளைச் சுத்தமான துணியால் அடையுங்கள். கிளச் கேபிள், ஸ்பீடோ மீட்டர் கேபிள், கியர் ரொட், ரிவர்ஸ் லைட் வயர், ஸ்டார்ட்டர் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜக்கால் தாங்கிய பிறகே கியர்பொக்ஸ் மவுண்டைத் தொடலாம். கடைசியாக, எஞ்சினோடு பிடித்திருக்கும் பொல்ட்கள். நீளம் மாறியிருக்கும், எது எங்கே என்று அட்டையில் குத்தி வையுங்கள். கியர்பொக்ஸை எஞ்சினிலிருந்து விலகும்படி நேராக இழுங்கள். பாரம் இன்புட் ஷாஃப்டில் தொங்கினால் கிளச் தட்டு வளைந்துவிடும்.

பிரிப்பதும் பார்ப்பதும்

வெளிப்புறத்தை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்த பிறகே திறக்க வேண்டும். உறையைப் பிரிக்கும்போது ஸ்ப்ரிங்கும் சின்ன இரும்புக் குண்டுகளும் துள்ளி ஓடும், உறை திறக்கும் இடத்தில் ஒரு துணியை வைத்துப் பிடியுங்கள். ஷாஃப்டிலிருந்து எடுப்பதை எடுத்த வரிசையிலேயே பலகையில் அடுக்குங்கள். சிங்க்ரோ ஹப்புக்கும் (ஷாஃப்டில் இருக்கும் நடுப்பாகம்) அதன் மேல் நகரும் ஸ்லீவுக்கும் முன்பக்கம் பின்பக்கம் உண்டு. மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

சிங்க்ரோ வளையத்தைப் பார்ப்பதுதான் இந்த வேலையின் நடுநாயகம். வளையத்தைக் கியரின் கூம்பில் அழுத்தித் திருகுங்கள். நல்ல வளையம் கவ்விப் பிடிக்கும், தேய்ந்தது வழுக்கும். பிறகு வளையத்துக்கும் கியரின் பற்களுக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் சுற்றிவர மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். பல சின்னக் கார்களில் புதிதாக 1 மி.மீ. அளவில் இருக்கும், 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். உங்கள் வண்டியின் எல்லையை மனுவலில் பாருங்கள். இரண்டாம் கியருக்கு வளையம் வாங்கும்போது முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் சேர்த்து வாங்குவது என் வழக்கம். வளையத்தின் விலையைவிடத் திரும்ப இறக்கும் பாடு பெரிது. வளையம் கவ்வினாலும் கியரின் பக்கப் பற்களின் முனை மழுங்கியிருந்தால் அந்தக் கியரை மாற்றத்தான் வேண்டும், புது வளையம் அதைக் காப்பாற்றாது.

பெயாரிங்கைக் கழுவி உலர்த்தி, மெல்லிதாக ஒயில் விட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் உரசினாலும் மாற்றுங்கள். காற்றுப் பம்பால் சுழற்ற வேண்டாம். பெயாரிங் கழற்றவும் ஏற்றவும் ஷாஃப்டைச் சுத்தியலால் அடிக்காமல் டவுனில் பிரெஸ் உள்ள லேத் கடைக்குக் கொண்டுபோங்கள். கிடைக்காத சாமானுக்குக் பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். ஆனால் சிங்க்ரோ வளையமும் ஒயில் சீலும் பழையது வாங்கவே வேண்டாம்.

பூட்டுவது

பழைய சீல், சேர்க்ளிப், ஊசி (பின்) எதையும் திரும்பப் போடாதீர்கள். ஒவ்வொரு பாகத்திலும் கியர் ஒயில் தடவிப் பூட்டுங்கள். கூம்பு உருளை பெயாரிங் உள்ள கியர்பொக்ஸானால், பெயாரிங்கை மாற்றியதும் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கனத்தையும் அளந்து சரிசெய்ய வேண்டும். இதைத் தவறவிட்டால் புதுப் பெயாரிங்கும் சீக்கிரம் போகும். உறையை மூடச் சீலண்ட் மெல்லிய கோடாகப் போதும், அதிகம் போட்டால் உள்ளே பிதுங்கி ஒயில் ஓட்டையை அடைக்கும். மூடியதும் ஒவ்வொரு கியரையும் போட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். இறுகினால் இப்போதே திறக்க வேண்டும், வண்டியில் ஏற்றிய பிறகு இல்லை.

கியர்பொக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளச் தட்டு, ரிலீஸ் பெயாரிங், எஞ்சினின் பின்பக்க ஒயில் சீல் மூன்றையும் பார்த்துவிடுங்கள். தட்டைச் சாவியால் நடுவில் நிறுத்தி இறுக்குங்கள். இன்புட் ஷாஃப்டின் பற்களில் கிரீஸைத் துடைத்தாற்போல் பூசினால் போதும். ஏற்றும்போது உறை எஞ்சினோடு தானாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கிளச் தட்டு நடுவில் இல்லை. பொல்டால் இழுத்தால் உறை வெடிக்கும்.

ஒயில் ஜிஎல்-4 தரம், 75டபிள்யூ-90 தடிப்பு, அல்லது மனுவல் சொல்வது. ஜிஎல்-5 என்று மட்டும் எழுதிய ஒயில் எல்லாமே பித்தளை வளையத்துக்கு ஒத்துவரும் என்றில்லை. வண்டியைச் சமமாக நிறுத்தி, ஊற்றும் ஓட்டையில் வழியும் வரை ஊற்றுங்கள். கிளச் பெடலின் விளையாட்டையும் (மிதிக்கத் தொடங்கும்போது கிளச் வேலை செய்யும் முன் உள்ள வெற்று அசைவு) சரிபாருங்கள்.

முதல் ஓட்டம் நுவரெலியா கிரகரி வாவிப் பக்கம் போலச் சமமான வீதியில். பிறகு சின்ன ஏற்றம், அப்புறம் சின்ன இறக்கம். இறக்கத்தில் இரண்டாம் கியரில் காலை அக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, துள்ளுகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து, ஆறியதும் அடியில் கசிவு பாருங்கள். 500 கி.மீ. ஓடியதும் ஒயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். காந்த மூடியில் இரும்புத் துண்டு இல்லாவிட்டால் அதற்குப் பிறகு ரம்பொடையில் குடும்பத்தோடு இறங்கலாம்.