பத்து சென்ட் போக்கரில் முன்னேற: மேசைத் தேர்வும் கைப் படிப்பும்

இங்கே சொல்லப்போவது ஆன்லைனில் ஆறு பேர் மேசையில் ஆடும் நோ-லிமிட் ஹோல்டெம் பற்றி: கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பெட்டுக்கு (பந்தயத்துக்கு) மேல்வரம்பு இல்லாத போக்கர். பிளைண்ட், அதாவது சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை, 5 சென்ட், 10 சென்ட். முழு பை-இன் (மேசைக்குக் கொண்டுவரும் தொகை) 10 டாலர், அதாவது 100 பெரிய பிளைண்ட். 2022 ஏப்ரலில் உரிமம் பெற்ற தளங்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்ட கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில், 19 வயது நிரம்பியவர்கள் சட்டப்படி இதை ஆடலாம். இந்தியாவில் அப்படி இல்லை. திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இடமில்லாமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. அங்கே இருப்பவர்கள் பணமில்லாத சிப்பில் மட்டும் பழகுங்கள். கீழே வரும் கணக்கு அதற்கும் பொருந்தும்.

முதலில் மேசை

சின்ன பிளைண்டில் லாபம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: தேவையில்லாத சீட்டோடு அடிக்கடி உள்ளே வருகிறவர்களிடமிருந்து. உங்களைப் போலவே ஒழுங்காக ஆடும் ஐந்து பேரோடு உட்கார்ந்தால், எவ்வளவு படித்திருந்தாலும் ரேக் (தளம் எடுக்கும் கமிஷன்) போக மிஞ்சுவது சொற்பம். பல தளங்கள் பாட்டில் (நடுவில் சேரும் பந்தயப் பணத்தில்) 5% அளவுக்கு ரேக் எடுக்கின்றன. 6 டாலர் பாட்டில் அது 30 சென்ட், மூன்று பெரிய பிளைண்ட். பெரிய ஆட்டங்களில் ரேக்குக்கு உச்சவரம்பு இருப்பதால் அது அவ்வளவாக உறைக்காது. இந்த மட்டத்தில் பெரும்பாலான பாட் அந்த வரம்பைத் தொடுவதே இல்லை, சதவீதம் முழுசாகவே போய்விடும். கணக்குத் தொடங்கும் முன் ரேக் பட்டியலையும், திருப்பித் தரும் சலுகை எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுங்கள்.

லாபியில் மேசை வாரியாக சராசரி பாட், ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்ப்போர் சதவீதம் ஆகியவற்றைக் காட்டும் தளமானால் அந்த இரண்டு எண்களும் போதும். இரண்டும் உயரமாக இருக்கும் மேசையில் உட்காருங்கள். காட்டாத தளத்தில் இரண்டு சுற்று ஆடிப் பாருங்கள். ரெய்ஸ் (தொகையை ஏற்றுவது) செய்யாமல் வெறும் கால் (அதே தொகையைக் கட்டுவது) போட்டு நுழைகிறவர், 10 டாலருக்குப் பதிலாக 3.70, 4.15 என்று ஒழுங்கில்லாத தொகையோடு உட்கார்ந்து நிரப்பாமலே ஆடுகிறவர், கையில் ஜோடி விழுந்தால் ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) வரை விடாதவர். இவர்களில் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். கைவரலாறு (ஆடிய ஒவ்வொரு சுற்றின் பதிவு) சேமிக்கும் மென்பொருளைத் தளம் அனுமதித்தால், நூற்றுக்கு நாற்பது கைக்கு மேல் உள்ளே வந்து, அதில் பத்துக்கும் குறைவாகவே ரெய்ஸ் செய்கிறவரைத் தேடுங்கள். ஒழுங்காக ஆடுகிறவர் ஏறத்தாழ 24 கைக்கு வந்து 19 கைக்கு ரெய்ஸ் செய்வார்.

எந்த நாற்காலி என்பதும் முக்கியம். அந்த எளிய ஆட்டக்காரர் உங்களுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றுவதால், அவர் என்ன செய்தார் என்று பார்த்த பிறகே உங்கள் முறை வரும். அவர் எழுந்து போனதும் நீங்களும் பெரிய பிளைண்ட் வரும் முன் எழுந்துவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டு மேசை போதும். நான்கைத் திறந்தால் யார் எப்படி ஆடுகிறார் என்பதே கண்ணில் படாது, மேசையைத் தேர்ந்தெடுத்த பயனும் போய்விடும். ஃபோல்டு செய்ததும் (கையை விட்டுவிட்டதும்) வேறு மேசைக்குத் தூக்கிப்போடும் வேக ஆட்டத்தில் இந்தத் தேர்வுக்கே வழியில்லை. புதிதாகப் படிப்பவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

படிப்பு

ஒரு மணி நேரம் ஆடினால் அரை மணி நேரமாவது படிக்க வேண்டும். ஆடும்போது திணறிய கையைக் குறித்து மட்டும் வையுங்கள், அலச வேண்டாம். அடுத்த நாள், தோற்ற எரிச்சல் தணிந்த பிறகு, மூன்று கையை எடுங்கள். தோற்ற கைகளை மட்டும் எடுப்பது பொதுவான தப்பு. தப்பாக ஆடி ஜெயித்த கைதான் அதிகம் கெடுக்கும்.

பாட்டுக்கும் காலுக்கும் உள்ள கணக்கு முதலில் மனப்பாடமாக வேண்டும். பாட்டில் மூன்றில் ஒரு பங்கு பெட்டுக்கு 20%, பாதிக்கு 25%, முழு பாட்டுக்கு 33% ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால்தான் கால் கட்டுப்படியாகும். ஃப்ளாப்பில் ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு குறைந்தால், ரிவருக்குள் அது அமைய 35% வாய்ப்பு உண்டு. ஆனால் அடுத்த ஒரு சீட்டில் 19%தான். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) இன்னொரு பெட் வரும் என்பதை மறந்து 35%-ஐ வைத்துக் கணக்குப் போடுவதில்தான் நிறையப் பேர் பணம் விடுகிறார்கள்.

ஒரு கையைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். உங்களிடம் இஸ்பேடு ராஜா, இஸ்பேடு ராணி. பட்டனுக்கு (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்) முந்தைய இடத்திலிருந்து 25 சென்ட் ரெய்ஸ், பெரிய பிளைண்டில் இருக்கும் சாதுவான ஆட்டக்காரர் கால். பாட் 55 சென்ட். ஃப்ளாப்பில் டைமன் ராஜா, ஆர்ட்டின் 8, கிளாவர் 3. நீங்கள் 35 சென்ட், அவர் கால், பாட் 1.25. டர்னில் இஸ்பேடு 6. நீங்கள் 85 சென்ட். இதுவரை ரெய்ஸே செய்யாதவர் 2.60 என்று ஏற்றுகிறார்.

கால் போட 1.75 வேண்டும். போட்டால் பாட் 6.45. ஆக, 27% வேண்டும். இப்போது அவர் கையை எண்ணுங்கள். 88 (கையில் இரண்டு 8), 66, 33 ஒவ்வொன்றும் மூன்று விதம், ஒன்பது. ஒரே சின்னத்தில் ராஜா-8 ஒன்று, ராஜா-6 இரண்டு, ராஜா-3 ஒன்று, 8-6 இரண்டு, ஆக ஆறு. உங்களை அடிக்கும் கை பதினைந்து. அவற்றில் ஒரே எண்ணில் மூன்று சீட்டு வைத்திருக்கும் ஒன்பது கைக்கு எதிராக ரிவரில் எந்தச் சீட்டு வந்தாலும் உங்களுக்கு வழியில்லை. கால் சரியாக வேண்டுமென்றால் ராஜா-ஜாக்கி, ராஜா-10 மாதிரி உங்களைவிடக் குறைந்த கையோ வெறும் மிரட்டலோ குறைந்தது ஐந்தாறு விதமாவது அவரிடம் இருக்க வேண்டும். ராஜா-ஜாக்கியில் மட்டும் எட்டு விதம் மிச்சம் இருப்பது உண்மை. ஆனால் சாதுவான ஆட்டக்காரர் அதை வைத்துக் கால் போடுவாரே தவிர ஏற்ற மாட்டார். ரிவரில் இன்னொரு பெட்டும் காத்திருக்கிறது. ஃபோல்டு. இதே ரெய்ஸ், கண்டபடி மிரட்டுகிறவரிடமிருந்து வந்தால் கால்.

இப்படி எண்ணிப் பார்க்க இலவச மென்பொருளான ஈக்விலாப் போதும். கணிதப்படி சிறந்த ஆட்டத்தைக் காட்டும் ஜிடிஓ விசார்ட் மாதிரியானவற்றை முதலில் ஃப்ளாப்புக்கு முந்தைய அட்டவணைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்: ஒவ்வொரு இடத்திலிருந்தும் எந்தச் சீட்டுக்கு ரெய்ஸ் என்பது. அதன் நுணுக்கமான மிரட்டல்களை எதற்கும் ஃபோல்டு செய்யாதவரிடம் காட்டுவது வீண். அவரிடம் நல்ல கைக்குப் பெரிதாக பெட் வையுங்கள், மிரட்டாதீர்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே இந்த மாதிரி மென்பொருளைத் திறப்பது பல தளங்களில் விதிமீறல், கணக்கை முடக்கலாம்.

எண்களும் பணமும்

பத்தாயிரம் கை ஆடி லாபம் வந்தால் தேறிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ஆறு பேர் மேசையில் ஏற்ற இறக்கம் நூறு கைக்கு ஏறத்தாழ 100 பெரிய பிளைண்ட். அதனால் பத்தாயிரம் கைக்குப் பிறகும் உங்கள் விகிதம் (நூறு கைக்கு வரும் லாபம்) பத்து பிளைண்ட் இப்படி அப்படி இருப்பது சாதாரணம். லட்சம் கைக்குப் பிறகும் மூன்று பிளைண்ட் ஆடும். அதுவரை லாப நட்டத்தை வைத்து ஆட்டத்தை எடைபோடாமல், குறித்துவைத்த கைகளில் எத்தனை முடிவு சரி என்று பாருங்கள்.

இந்த மட்டத்துக்கு 40 பை-இன், 400 டாலர், வீட்டுச் செலவில் கை வைக்காத பணமாக இருக்க வேண்டும். 250-க்கு இறங்கினால் 2 சென்ட், 5 சென்ட் மேசைக்குப் போங்கள். ஒரு நாளில் மூன்று பை-இன் போனால் அன்றைக்கு மூடிவிடுங்கள். அந்த நேரத்தில் மனம் இடம் தராது, அதனால் கணக்குத் தொடங்கிய அன்றே தளத்தின் அமைப்புகளில் மாத டெபாசிட் வரம்பைப் போட்டு வையுங்கள். வரம்பை உயர்த்தத் தோன்றினால், தோற்ற பணத்தைத் துரத்துகிறோம் என்றே பொருள். அப்போது தளத்திலேயே இருக்கும் சுயவிலக்கு வசதியைப் பயன்படுத்தி நிறுத்திவிடுங்கள்.