பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் மொழி வகுப்பு: கலிஃபோர்னியா பெற்றோருக்கு

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (யூசி), கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் (கால் ஸ்டேட்) இரண்டுமே சேர்க்கைக்கு, பள்ளிக் காலத்தில் ஆங்கிலம் அல்லாத ஒரே மொழியில் இரண்டு ஆண்டுப் படிப்பைக் கேட்கின்றன. மூன்று ஆண்டு இருந்தால் நல்லது என்கிறது யூசி. பள்ளியில் விரும்பிய மொழி இல்லை, அல்லது டைம்டேபிளில் இடமில்லை என்றால் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஜப்பானியமோ மாண்டரினோ எடுக்கலாம். அமெரிக்க சைகை மொழியும் செல்லும். பல கல்லூரிகளில் ஐந்து யூனிட் (கல்லூரியில் பாடத்தை அளக்கும் அலகு) கொண்ட முதல் நிலை வகுப்பு ஒன்றே பள்ளியின் இரண்டு ஆண்டுக்குச் சமம். உரையாடலுக்கு மட்டுமான வகுப்பு இந்தக் கணக்கில் வராது.

பிள்ளை வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்திருந்தால் முதலில் பள்ளி ட்ரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பதிவேட்டை) பாருங்கள். சில பள்ளி மாவட்டங்கள் தமிழுக்கும் கிரெடிட் தருகின்றன. அது ஏறியிருந்தால் இந்தத் தேவை முன்பே முடிந்திருக்கலாம்.

வேலையைப் பள்ளிக் கவுன்சிலரிடமிருந்து தொடங்குங்கள், கல்லூரியிலிருந்து அல்ல. இந்த வகுப்புக்கு மாவட்டம் எத்தனை கிரெடிட் தரும், பள்ளி ஜிபிஏவில் (சராசரி மதிப்பெண்ணில்) எப்படிச் சேரும் என்ற இரண்டுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் விதி மாறும். வகுப்பு முடிந்தபின் கேட்டால் வாதாட ஆதாரம் இருக்காது.

அடுத்து கம்யூனிட்டி காலேஜ்களின் பொதுத் தளமான ஓப்பன்சிசிசியில் கணக்கு தொடங்கி, அவற்றின் ஆன்லைன் விண்ணப்பமான சிசிசிஅப்ளை வழியாக விண்ணப்பம். கல்வி நிலையில் பள்ளி மாணவர் என்பதையே தேர்வு செய்யுங்கள். பள்ளி மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் கடிதங்களைப் பல பள்ளிகள் தடுத்துவிடும், மாணவர் எண் வந்து சேராது. வசிப்பிடக் கேள்விகளை எச்-4 (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான) விசா குடும்பங்கள் நிதானமாக நிரப்ப வேண்டும். தவறினால் வெளிமாநிலக் கட்டணத்தோடு பில் வரும். வந்தால் பெற்றோரின் வசிப்பிட ஆவணங்களோடு அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்குப் போய்த் திருத்தலாம்.

கடைசியாக அனுமதிப் படிவம்: பிரின்சிபால் பரிந்துரை, பெற்றோர் ஒப்புதல், மாணவர் கையெழுத்து. பல கல்லூரிகள் ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகக் கேட்கும். கோடை வகுப்புக்கு, பள்ளியின் ஒரு கிரேடில் 5 சதவீத மாணவர்களுக்கு மேல் பிரின்சிபால் பரிந்துரைக்கக் கூடாது என்று மாநிலச் சட்டத்தில் வரம்பு உண்டு (சில திட்டங்களுக்கு விலக்கு இருக்கிறது). ஆகவே கோடைக்கு முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆனாலும் முதல் மொழி வகுப்பைக் கோடையில் எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஒரு யூனிட் என்றால் வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து குறைந்தது 48 மணி நேரம். ஐந்து யூனிட்டுக்கு 240. பதினாறு வாரத்தில் பரப்பினால் வாரம் 15 மணி நேரம், ஆறு வாரத்தில் அடைத்தால் 40. புதிய எழுத்தும் ஒலியும் மனதில் படிய நாட்கள் வேண்டும். கோடையில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தாலே ஒரு பாடம் முழுதாகப் போய்விடும். இலையுதிர் செமஸ்டரில் முதல் நிலை, அதைத் தொட்டு வசந்தத்தில் இரண்டாம் நிலை என்று இடைவெளி விடாமல் போவதுதான் நல்லது.

பள்ளியிலேயே இரண்டு ஆண்டு ஸ்பானிஷ் படித்தவர் மறுபடி முதல் நிலையில் உட்கார வேண்டியதில்லை. ட்ரான்ஸ்கிரிப்டைக் காட்டி முன்தகுதியை க்ளியர் செய்து இரண்டாம் நிலைக்குப் போகலாம். ஆனால் பழைய பாடம் மறந்திருந்தால் அங்கே முதல் வாரமே திணறல் தொடங்கிவிடும். போன ஆண்டுப் புத்தகத்தின் இறந்தகாலப் பயிற்சிகளைப் புத்தகம் பார்க்காமல் எழுதச் சொல்லிப் பாருங்கள், நிலை தெரிந்துவிடும்.

வகுப்பில் பதிவு செய்யும் வாய்ப்பு பள்ளி மாணவருக்குக் கடைசியில்தான் வரும். வகுப்பு நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்டில் சேர்ந்து, முதல் நாள் கட்டாயம் போக வேண்டும். வராதவர்களை ஆசிரியர் நீக்கும்போதுதான் இடம் கிடைக்கும். வகுப்பில் சேர ஆசிரியர் தரும் குறியீட்டை (ஆட் கோட்) அன்றே பயன்படுத்துங்கள், அது காலாவதியாகும்.

யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். 11 யூனிட் வரை எடுக்கும் பள்ளி மாணவர்களுக்குப் பல கல்லூரிகள் இதைத் தள்ளுபடி செய்கின்றன. சிறு கட்டணங்களும் புத்தகமும் உங்கள் செலவு. வீட்டுப்பாடத்துக்கு ஆன்லைன் அணுகல் குறியீடு தேவையா என்று சிலபஸைப் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள். பழைய புத்தகத்தில் பெரும்பாலும் அந்தக் குறியீட்டை யாராவது பயன்படுத்தியிருப்பார்கள்.

வகுப்பு தொடங்கிய பிறகு பெற்றோர் ஆசிரியருக்கு எழுதினால் பதில் வராது. வயது பதினாறே ஆனாலும், கல்லூரிப் பதிவேட்டின் உரிமை சட்டப்படி மாணவருடையது. பிள்ளையே எழுத வேண்டும், ஆசிரியரை நேரில் சந்திக்கும் ஆபீஸ் அவர்ஸுக்குப் போக வேண்டும்.

கல்லூரி ட்ரான்ஸ்கிரிப்டில் ஏறிய மதிப்பெண் அழியாது. பின்னாளில் பட்டப்படிப்புக்கான நிதியுதவியையும் பாதிக்கலாம். பதிவேட்டில் தடமின்றி விலகும் தேதி, விலகியதைக் குறிக்கும் ‘டபிள்யூ’ பெற்று விலகும் தேதி இரண்டையும் முதல் நாளே காலண்டரில் குறியுங்கள். முதல் இரண்டு தேர்வுகள் சி-க்குக் கீழே போனால் இரண்டாவது தேதிக்கு முன்பே விலகிவிடுங்கள். தோல்வியைக் குறிக்கும் எஃப்போடு ஒப்பிட்டால் டபிள்யூ பெரிய பாதிப்பில்லை.

யூசி விண்ணப்பத்தில் இந்த வகுப்பைக் கல்லூரியின் பெயரிலேயே காட்ட வேண்டும். இடம் கிடைத்தபின் பள்ளி ட்ரான்ஸ்கிரிப்ட் மட்டும் போதாது. கம்யூனிட்டி காலேஜிலிருந்து தனியாக ஒன்று ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும்.