மேற்கோள் எண்ணிக்கைக்குப் பாய்சான் பரவல் பொருந்துமா? சரிபார்க்கும் முறை

ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணுவது எளிது. அந்த எண்களுக்கு எந்தப் புள்ளியியல் மாதிரியைப் பொருத்துவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மாதிரியின் எடுகோள்கள் நம் தரவுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே கணக்கில் இறங்க வேண்டும்.

முதல் படி: எண்களை ஏறுவரிசையில் எழுதுங்கள். பத்துக் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்கள் 0, 0, 0, 1, 1, 2, 2, 3, 6, 45 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6, இடைநிலை அளவோ 1.5 தான். எட்டுக் கட்டுரைகள் சராசரிக்குக் கீழே இருப்பதால், சராசரிக்கு இருபுறமும் சமச்சீராக அமையும் இயல்நிலைப் பரவலை இங்கேயே கைவிடலாம். ஓர் இதழின் அண்மைக் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களைக் கொண்டு அதை மதிப்பிடும் தாக்கக் காரணியும் இத்தகைய சராசரியே. படிகவியல் இதழான அக்டா கிரிஸ்டலோகிராஃபிகாவின் 'ஏ' பிரிவுக்கு 2008-இல் சுமார் 2 ஆக இருந்த அந்த எண் 2009-இல் சுமார் 50 ஆக உயர்ந்தது. படிக அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றிய ஒரே கட்டுரையை அதன் பயனர்கள் பெருமளவில் மேற்கோள் காட்டியதே காரணம்.

இரண்டாம் படி: பாய்சான் பரவல் என்பது, ஒரே சராசரி வீதத்தில் ஒன்றையொன்று சாராமல் நிகழ்பவற்றின் எண்ணிக்கைக்கான மாதிரி. அதில் சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) சமமாக இருக்க வேண்டும். நம் எண்களில் விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1720. அதை 9 ஆல் (கட்டுரைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து) வகுத்தால் விலக்க வர்க்கச் சராசரி சுமார் 191. எதிர்பார்த்தது 6, கிடைத்தது அதைப்போல் 32 மடங்கு. மேலும், சராசரி 6 என்றால் ஒரு கட்டுரை மேற்கோளே பெறாமல் போகும் வாய்ப்பு 0.0025 தான், இங்கோ பத்தில் மூன்று அப்படி இருக்கின்றன.

மூன்றாம் படி: ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனி மேற்கோள் வீதம் உண்டு என்று ஏற்கும் எதிர்மறை ஈருறுப்புப் பரவலைப் பொருத்திப் பாருங்கள். வெளியான ஆண்டையும் துறையையும் மாதிரியில் சேர்க்கத் தவறாதீர்கள்.

நான்காம் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள், அதுவே எனக்குப் பெரிய கவலை. மேற்கோள்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோள் பெரும்பாலும் பொய்த்துவிடுகிறது: ஒரே கட்டுரை ஒரே இதழிலிருந்து ஐந்து கட்டுரைகளைக் காட்டும், ஒருவரின் நூற்பட்டியலைப் பார்த்து இன்னொருவர் எடுத்தாள்வார். இதைக் கவனிக்காவிட்டால் பிழை வரம்பு உண்மையைவிடக் குறுகலாகத் தெரியும். ஆகவே மீள்மாதிரி எடுக்கும்போது (அதாவது, கையிலுள்ள தரவிலிருந்தே மீண்டும் மீண்டும் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும்போது) தனி மேற்கோளை அலகாகக் கொள்ளாமல், மேற்கோள் காட்டிய கட்டுரையை அதன் நூற்பட்டியல் முழுவதோடும் ஓர் அலகாக எடுத்து, ஆயிரம் முறை கணக்கிட்டு, ஒப்பிட நினைக்கும் இரு இதழ்களின் சராசரிகளுக்கிடையிலான வேறுபாட்டின் பிழை வரம்பு பூச்சியத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் அவற்றைத் தரவரிசையில் முன்பின்னாக வைக்காதீர்கள்.