மிக்ஸர் லாரி கழுவிய தண்ணீரைத் திறந்துவிடும் முன்

மிக்ஸர் லாரி கழுவிய தண்ணீரைத் தெளிய வைக்கும் மூன்று தொட்டிகளில் அது கடைசித் தொட்டி. இரவு முழுக்க அசையாமல் நின்றதில், காலையில் இரும்பு ஏணியின் கடைசிப் படி வரை தெரிந்தது. மோட்டார் பார்க்கும் தம்பி வால்வில் கை வைத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணே, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. மழை வேற வரப் போகுது. தொறந்து விட்டுடவா?"

தண்ணீரில் அமிலமா காரமா, எவ்வளவு என்று எண்ணில் காட்டும் பிஎச் தாள் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும்; அதில் ஒரு துண்டைக் கிழித்து நனைத்துக் காட்டினேன். மஞ்சளாக இருந்த தாள் இரண்டு நொடியில் கருநீலமானது. அட்டையோடு ஒப்பிட்டால் 12, கடும் காரம். தம்பி வால்விலிருந்து கையை எடுத்துவிட்டான்.

பல வருஷங்களுக்கு முன்னால் எனக்கு அப்படிக் காட்ட ஆள் இல்லை. கலங்கல் போனால் தண்ணீர் சுத்தம் என்று நம்பித் திறந்துவிட்டோம். மறுநாள் பின்பக்கக் குட்டையில் விரல் நீள மீன்கள் வெள்ளை வயிறு மேலே தெரிய ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. கான்கிரீட் கலந்து அனுப்பும் ரெடிமிக்ஸ் பிளான்ட்டிலோ கல் உடைக்கும் கிரஷரிலோ தண்ணீருக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கண்ணை நம்பாதீர்கள், தாளை நம்புங்கள்.

சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, வெளிவருகிறது. அது தண்ணீரில் கரைந்து நிற்கும். எத்தனை நாள் தெளிய வைத்தாலும் அடியில் படியாது. டிரம் கழுவிய தண்ணீரின் பிஎச் பெரும்பாலும் 12-ஐ ஒட்டியே இருக்கும். நன்னீர் மீன்கள் ஏறத்தாழ 6.5 முதல் 9 வரைதான் தாங்கும். இடையில் மூன்றே எண்கள் என்று நினைக்க வேண்டாம். பிஎச்சில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. மூன்று எண் என்றால் ஆயிரம் மடங்கு. "நல்ல தண்ணி கலந்து விட்டா சரியாயிடும்" என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 12-ல் இருக்கும் ஆயிரம் லிட்டரை வெறும் தண்ணீர் ஊற்றியே 9-க்கு இறக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட பத்து லட்சம் லிட்டர் வேண்டும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. காற்று படும் தொட்டியின் மேல் காலையில் மெல்லிய வெள்ளை ஏடு படிந்திருக்கும்; குச்சியால் தொட்டால் சில்லு சில்லாக உடையும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாக்கும் கால்சியம் கார்பனேட் அது. அந்த ஏட்டைப் பார்த்தால், அடியில் இருப்பது இன்னும் சுண்ணாம்புத் தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை தண்ணீரைப் பிரிப்பது. ஒரு மழை நாளில் பிளான்ட் முழுக்க நடந்து, எந்தத் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். வரைபடம் சொல்லாததை மழை சொல்லும். வெளியிலிருந்து வரும் மழைநீர் சிறு வரப்பு அல்லது கால்வாய் வழியாகச் சுற்றிப் போகட்டும். நம் கழிவோடு சேர விடாதீர்கள். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். சேர வேண்டாத அந்தத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எந்தத் தொட்டியும் போதாது. லாரி கழுவும் இடம், கலவை ஏற்றும் இடம், சிமென்ட் சேமிக்கும் சைலோவுக்குக் கீழே உள்ள தரை மூன்றும் கான்கிரீட் தளமாக, தொட்டியை நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும். சிந்திய சிமென்ட்டை ஹோஸ் பிடித்து அடித்துவிடாதீர்கள், கூட்டி அள்ளுங்கள். காய்ந்து கிடக்கும் வரை அது வெறும் தூசி. தண்ணீர் பட்ட நிமிஷம் அது உங்கள் தொட்டியின் சுமை.

அடுத்தது டிரம் கழுவுவது. வண்டியைப் பொறுத்து ஒரு தடவைக்கு 500 முதல் 1000 லிட்டர் வரை போகும். இருபது வண்டி ஓடும் இடத்தில் நாளுக்கு ஒரு தடவை கழுவினாலே பத்தாயிரம் லிட்டருக்கு மேல். தண்ணீரைக் குறைக்க எனக்குப் பிடித்த வழி ஜல்லி போட்டுக் கழுவுவதுதான். காலி டிரம்மில் கொஞ்சம் ஜல்லியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுச் சுற்றவிட்டால், ஒட்டியிருக்கும் கலவையை ஜல்லியே உரசி எடுத்துவிடும். அந்த ஜல்லியை அடுத்த லோடில் சேர்த்துக்கொள்ளலாம். டிரம்மில் நின்ற தண்ணீரை மட்டும் அடுத்த லோடின் தண்ணீர்க் கணக்கில் கழிக்க மறக்காதீர்கள். மறந்தால் ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கம், ஏறிவிடும், சைட்டில் லாரியைத் திருப்பி அனுப்புவார்கள்.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஆழத்தை மட்டும் பார்த்துக் கட்டுகிறார்கள். படிவது துகளின் அளவைப் பொறுத்தது. 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிஷம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். நூறில் ஒரு பங்கு என்றால், களிமண் அளவு, பதின்மூன்று நாள். அதுவும் தண்ணீர் சுத்தமாக அசையாமல் நின்றால். அதனால் தொட்டி நீளமாக இருக்கட்டும். நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும். நுழைவாய் ஒரு கோடியில், வெளிவாய் மறு கோடியில். நடுவில் தடுப்புச் சுவர் வைத்தால் தண்ணீர் குறுக்கே பாய்ந்து ஓடாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மேல்மட்டத் தண்ணீர் மட்டும் வழிய வேண்டும். சேறு மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் அள்ளிவிடுங்கள். நிரம்பிய தொட்டி வெறும் வாய்க்கால்தான். அள்ளிய சேற்றை வேலி ஓரத்தில் கொட்டினால் அடுத்த மழையில் அதன் சுண்ணாம்பு வெளியே போய்விடும். சரிவுள்ள தளத்தில் காயவைத்து, வடியும் நீர் திரும்பத் தொட்டிக்கே வரும்படி செய்யுங்கள். திரும்பி வந்த கான்கிரீட்டை உடைத்துக் குவித்து வைத்திருந்தால் அந்தக் குவியலுக்கும் இதே விதி.

கிரஷரிலும், கல்லை அரைத்து எடுக்கும் எம் சாண்ட் மணலைக் கழுவும் இடத்திலும் சிக்கல் வேறு. அங்கே சிமென்ட் இல்லை; பிஎச் பெரும்பாலும் தொல்லை தராது. தொல்லை மாவு போன்ற கல்தூள். ஓடையில் அது படிந்தால் கற்களுக்கு இடையில் உள்ள முட்டைகளையும் பூச்சிகளையும் மூடிவிடும். பதின்மூன்று நாள் காத்திருக்க முடியாத இடத்தில் படிகாரமோ பாலிமரோ போட்டுத் துகள்களைக் கட்டியாகத் திரட்ட வேண்டும். அளவைத் தொட்டியில் சோதிக்காதீர்கள். ஐந்தாறு கண்ணாடிக் குவளைகளில் ஒரே தண்ணீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் அளவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கலக்கி வைத்துப் பாருங்கள். எதில் குறைந்த மருந்தில் பஞ்சு போலத் திரண்டு இறங்குகிறதோ அதுவே உங்கள் அளவு. பாலிமர் வாங்கும்போது எதிர்மின் வகையைக் கேளுங்கள். நேர்மின் வகை மீனின் செவுளில் ஒட்டிக் கொல்லும். சிமென்ட் தண்ணீரில் படிகாரம் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று புலம்புவதையும் பார்த்திருக்கிறேன். பிஎச் 12-ல் அலுமினியம் திரளாமல் கரைந்தே போகும். முதலில் பிஎச், அப்புறம் படிகாரம்.

பிஎச்சை இறக்க ஆசிட்டும் உண்டு, கார்பன் டை ஆக்சைடும் உண்டு. என் ஓட்டு கார்பன் டை ஆக்சைடுக்கே. ஆசிட் ஒரு குடம் கூடிப்போனால் பிஎச் 3-க்குப் போய்விடும். இந்த வாயு கூடுதலாகப் போனாலும் 6-க்குக் கீழே பெரிதாக இறங்காது, கூடவே சுண்ணாம்பைக் கார்பனேட்டாக மாற்றி அடியில் இறக்கிவிடும். ஒரு எச்சரிக்கை: அது காற்றை விடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும், மணம் இருக்காது. வாயு விடும் தொட்டிக்குள்ளோ பக்கத்துக் குழிக்குள்ளோ யாரையும் இறக்காதீர்கள். ஆசிட்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

இவ்வளவு பாடு பட்டு வெளியே விடுவதை விட, உள்ளேயே திரும்பப் பயன்படுத்துவது நல்லது. தெளிந்த தண்ணீரை அடுத்த டிரம் கழுவவும் கலவைக்கும் எடுக்கலாம். கலவைத் தண்ணீருக்கு அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் சி1602, ஐரோப்பாவின் இஎன் 1008 போன்ற தரங்கள் வழி காட்டுகின்றன. ஏஎஸ்டிஎம்மில் மொத்தத் திடப்பொருளுக்கான வரம்பு 50,000 பிபிஎம், அதாவது நூற்றுக்கு ஐந்து. இதைப் பிளான்ட்டிலேயே ஹைட்ரோமீட்டரால் பார்க்கலாம்: அடர்த்தி 1.03-ஐத் தொட்டால் ஐந்து சதவீதத்தை எட்டிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் போனால் கலவை தண்ணீர் அதிகம் கேட்கும், சீக்கிரம் இறுகும். இந்தத் தண்ணீரைத் தூசி அடக்க வெறும் மண் தரையில் தெளிக்காதீர்கள், நிலத்தடிக்குத்தான் போகும்.

டீசல் தொட்டிக்கும், கான்கிரீட் கலவையில் சேர்க்கும் ரசாயனமான அட்மிக்ஸர் தொட்டிகளுக்கும் சுற்றுச்சுவர் வேண்டும். தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் தாங்கும்படி கட்டுங்கள். அட்மிக்ஸர் விஷம் போலத் தெரியாது, ஆனால் ஓடையில் கலந்தால் கிருமிகள் அதைத் தின்னும்போது தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும்.

கடைசியாக, அளப்பது. தாள் அவசரத்துக்கு, பதிவேட்டுக்கு மீட்டர் வையுங்கள். 7, 10 என்ற இரண்டு திரவங்களில் அளவு சரிபார்த்து, முனையைக் காயவிடாமல் அதற்கான திரவத்திலேயே வையுங்கள். காய்ந்த முனை துணிந்து பொய் சொல்லும். மாதிரி எடுக்கும்போது கையுறையும் கம்பூட்டும் கட்டாயம். இந்தத் தண்ணீர் தோலை மெதுவாக அரிக்கும், எரிச்சல் தெரியும்போது காயம் ஆகியிருக்கும். உடனே நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும்.

எங்கள் வெளிவாய் வால்வில் இப்போது ஒரு பூட்டு தொங்குகிறது. சாவி பதிவேட்டோடு கட்டியிருக்கிறது. அன்றைய தேதி, நேரம், பிஎச், கலங்கல் நான்கையும் எழுதி, அனுமதிக் கடிதத்தில் உள்ள வரம்போடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவியை அவிழ்க்கலாம். போன மழையில் அந்தத் தம்பி இரவு பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்தான்: "அண்ணே, 9.4 காட்டுது. தொறக்கல. வாயுவை இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடுறேன்."