ஓர வேலைப்பாடுள்ள பருத்தி விரிப்பு: டர்பன் வீடுகளுக்கு ஒரு செய்முறை

லேஸோ எம்ப்ராய்டரியோ வைத்த பெட்ஷீட்டை ஒரே துணியாக நினைக்காதீர்கள். அதில் இரண்டு துணி இருக்கிறது. நடுவில் பருத்தி. ஓரத்தில் பெரும்பாலும் பாலியெஸ்டர் லேஸ், அல்லது பளபளக்கும் செயற்கை நூல். பருத்தி முதல் சலவைகளில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும்; பாலியெஸ்டர் அநேகமாகச் சுருங்காது. கடையில் நேராகக் கிடந்த ஓரம் வீட்டுக்கு வந்து பொரித்த அப்பளம் மாதிரி நெளிவது இதனால்தான்.

படி 1: அளவு

இங்கே தென்னாப்பிரிக்காவில் குயின் மெத்தை 152 × 188 செ.மீ. ‘எக்ஸ்ட்ரா லென்த்’ என்றால் நீளம் 200. தலையணை 45 × 70. சென்னையிலிருந்து சித்தியோ அத்தையோ வாங்கிவரும் உறைகள் பெரும்பாலும் 17 × 27 அங்குலம், அதாவது சுமார் 43 × 69 செ.மீ. துவைத்த பிறகு நம் தலையணை அதில் திணறும். நாலு பக்கமும் பட்டை விட்ட ‘ஆக்ஸ்ஃபர்ட்’ உறைக்கு உள் தையலிலிருந்து உள் தையல்வரை அளக்க வேண்டும். பட்டையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

படி 2: நெசவு

டிசம்பர் முதல் மார்ச் வரையிலான டர்பன் புழுக்கத்துக்கு பெர்கேல் போதும். ஒன்று மேல், ஒன்று கீழ் என்று போகும் சாதா நெசவு அது; காற்றோட்டம் இருக்கும். சட்டீன் வழவழப்பாக இருக்கும், ஆனால் வளையலும் மெட்டியும் பட்டால் இழை இழுபடும். த்ரெட் கவுண்ட் (ஒரு சதுர அங்குலத்தில் உள்ள நூல்களின் எண்ணிக்கை) 200 முதல் 400 வரை இருந்தால் தாராளம். 1000 என்று போட்டிருந்தால், முறுக்கிய நூலின் ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணியிருப்பார்கள். அந்த எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

படி 3: ஓரத்தைப் புரட்டுங்கள்

கிரே ஸ்ட்ரீட்டில் (இப்போது டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட், ஆனால் யார் அப்படிச் சொல்கிறார்கள்?) வாங்கினாலும் சரி, மாலில் வாங்கினாலும் சரி, பாக்கெட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், பின்பக்கம்தான் பேசும்.

வளைவு வளைவாக வெட்டிய ஸ்காலப் ஓரமா? துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தையல் நெருக்கமாக இருந்தால் நூல்களுக்கு இடையே வெளிச்சம் தெரியாது. இரண்டு வளைவுகள் சந்திக்கும் பள்ளத்தை விரலால் நெருடிப் பாருங்கள். பிசிறு முதலில் கிளம்புவது அங்கேதான். லேஸ் ஓரம் என்றால் மூலைகளைப் பாருங்கள்: அங்கே சுருக்கம் கொடுத்துத் திருப்பியிருந்தால் துணி விரிந்து படியும், இழுத்துத் திருப்பியிருந்தால் மூலை தூக்கிக்கொண்டே நிற்கும். பருத்தித் துணிக்குப் பருத்தி லேஸ் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

படி 4: விரிப்பது

போர்த்திக்கொள்ளும் மேல்விரிப்பின் ஓரத்தில் வேலைப்பாடு இருந்தால், அழகுப் பக்கம் கீழே பார்க்கும்படி விரியுங்கள். தலைமாட்டில் ஒரு முழம் மடக்கிவிட்டால் பூவேலை மேலே வந்துவிடும். பலர் நேராக விரித்துவிட்டு, பூவெல்லாம் எங்கே போனது என்று தேடுவார்கள்.

படி 5: துவைப்பது

40 டிகிரிக்கு மேல் வேண்டாம். உறையை உள்வெளியாகத் திருப்பி, பொத்தானைப் போட்டு, வலைப்பைக்குள் வையுங்கள். டவலோடும் ஜிப் வைத்த துணியோடும் சேர்க்காதீர்கள். வண்ண நூல் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் முதலில் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகக் குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும். குளோரின் பிளீச் அடிக்கடி பட்டால் பருத்தி இற்றுப்போகும்.

நம் வீட்டுக் கறைகள் இரண்டு. தலைக்கு வைத்த எண்ணெய்: சலவைக்கு முன் அந்த இடத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து ஊறவிடுங்கள். மஞ்சள்: காவடி சமயத்தில் விருந்தாளிகள் தங்கினால் இது நிச்சயம். சோப்பு பட்டதும் கறை சிவக்கும். பதற வேண்டாம், சுண்ணாம்பு சேர்ந்து ஆரத்தித் தட்டில் நடப்பதுதான் இங்கேயும். நன்றாக அலசி வெயிலில் போட்டால் மங்கிவிடும். மஞ்சள் வெயிலைத் தாங்காது.

படி 6: இஸ்திரி

லேசான ஈரம் இருக்கும்போதே போடுங்கள். மேஜையில் டவல் விரித்து, எம்ப்ராய்டரியை அதன்மேல் குப்புறப் போட்டுப் பின்பக்கம் தேயுங்கள். பூக்கள் நசுங்காமல் எழும்பி நிற்கும். பெட்டியின் மூக்கை நடுவிலிருந்து ஒவ்வொரு வளைவுக்குள்ளும் கொண்டுபோங்கள். ஓரத்தின் நீளவாக்கில் இழுத்தால் அலை விழும். பாலியெஸ்டர் லேஸ் வரும்போது சூட்டைக் குறைக்க மறக்காதீர்கள்.

படி 7: அலமாரி

கஞ்சி போட்டு எடுத்து வைக்காதீர்கள். பருத்தியை அந்துப்பூச்சி சீண்டாது, ஆனால் கஞ்சிக்காக வெள்ளிப்பூச்சி வரும். கடை பாக்கெட் பிளாஸ்டிக்கைத் தூக்கி எறியுங்கள். நம் ஊர் ஈரத்தில் அதற்குள் பூஞ்சை பிடிக்கும். பழைய தலையணை உறைக்குள் போட்டு வைத்தால் போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

ஓரத்தில் நூல் பிரிந்தால் இழுக்காதீர்கள், கத்தரியுங்கள். அடுத்த சலவைக்கு முன் அந்த வளைவை காஜா தையலால் மூடிவிட வேண்டும். கைவராவிட்டால் ரவிக்கை தைப்பவரிடம் கொடுங்கள், அதே நிற நூலையும் கையோடு கொண்டுபோங்கள்.